நூற்றைம்பது மில்லிமீற்றர் சிரிப்பு

என் மனைவியின் சிரிப்பு ஒன்று இன்னொருவனின் கமராவுக்குள் போய்விட்டது.

ஸ்காபரோவில் ஒரு கலியாணம். நானும் நண்பனும் சேர்ந்து படம் எடுத்தோம். அவளும் விருந்துக்கு வந்திருந்தாள். குடும்பப் படங்கள் என் பொறுப்பு, முகங்கள் அவனுடையவை. இருவரிடமும் ஒரே மாதிரிக் கமரா: இடுப்பளவில் பிடித்து, குனிந்து கண்ணாடிக்குள் பார்க்கிற கனத்த சதுரப் பெட்டி. வித்தியாசம் லென்ஸில். என்னிடம் கமராவோடு வந்த எண்பது மில்லிமீற்றர் மட்டும். அவனிடம் தூரத்து முகத்தை மடிக்குள் கொண்டுவருகிற நூற்றைம்பது.

அடுத்த கிழமை ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

“அண்ணை, அக்கா படத்தில எப்பிடி விழுந்திருக்கிறா பாருங்கோ!”

ஹோலும் கூட்டமும் பலூன்களும் பின்னால் பாலாய்க் கரைந்து கிடக்க, அவள் மட்டும். தலை சாய்த்து, கடைவாய்ப் பல் தெரிய. இத்தனை வருடமாக நானும் அவளைப் படம் எடுக்கிறேன். எனக்குத் தந்ததெல்லாம் பாஸ்போர்ட் முகம். இந்தச் சிரிப்பு யாருக்கு? படத்தின் ஓரம் சொல்ல மறுத்தது.

“லென்ஸ் நல்ல லென்ஸ்,” என்றேன்.

“ஓம் அண்ணை.”

அந்த ‘ஓம்’ இரண்டு கிழமை என்னைக் குடைந்தது.

லென்ஸ் வாங்கப் புறப்பட்ட அன்று மனைவி வாசலில் நின்று சொல்லி அனுப்பினாள்: “ஐம்பதை வாங்குங்கோ, அகலமா விழும். ஒவ்வொரு குறூப் படத்திலயும் ஓரத்தில ஒரு மாமிக்கு அரை முகம். எனக்கெல்லோ போன் வருகுது!”

குயீன் தெருவில் பழைய கமராக் கடை. கடைக்காரர் இரண்டையும் மேசையில் வைத்தார். ஐம்பதைப் பூட்டி யன்னலுக்குத் திருப்பினேன். தெரு முழுவதும் உள்ளே வந்தது: பனிக்குவியல், மின்கம்பிகள், கண்ணாடிக்குள் இடம் வலம் மாறி, வந்த திசைக்கே திரும்பிப் போவதுபோல ஒரு ஸ்ட்ரீட்கார். எத்தனை மாமிமாரும் அடங்குவார்கள். நூற்றைம்பதைப் பூட்டினேன். தரிப்பிடத்தில் நின்ற ஒருத்தியின் கன்னம், அதில் ஒட்டிய ஒற்றை மயிர். உலகத்தில் வேறொன்றும் இல்லை. அவன் இப்படித்தானே பார்த்திருப்பான், என் வீட்டுக்காரியை?

நூற்றைம்பதை வாங்கினேன்.

“ஐம்பதோ?” அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“நூற்றைம்பது.”

“அப்ப மாமிமார்?”

“கொஞ்சம் இஞ்ச பாரும்.”

பாஸ்போர்ட் முகத்தை எடுத்து வைத்தாள். கிட்ட நின்றால் இந்த லென்ஸுக்குக் கண் தெரியாது. ஓரடி பின்னால் போனேன். இன்னும் ஓரடி. அடுப்படி முடிந்தது, நடை முடிந்தது, குனிந்த தலை குனிந்தபடியே இருக்க, வாசலில் கிடந்த பனிச்சப்பாத்துகளின் மேல் குந்திவிட்டேன். விரல் தானாக அமத்தியது. இந்தக் கமராவில் அமத்தினால், பிலிமைச் சுற்றும்வரை கண்ணாடி இருட்டு. அந்த இருட்டுக்குள் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“அண்டைக்கும் உப்பிடித்தான்!”

“எண்டைக்கு?”

“கலியாண வீட்டில. குறூப் எடுக்கிறன் எண்டு பின்னால பின்னால போய் கேக் மேசையில இருக்கப் பாத்தியள். மாமியாக்கள் கத்தினது கேக்கேல்லையோ?”

அந்தச் சிரிப்பு எனக்குத்தான். குளிர்ந்திருக்க வேண்டும் மனம், இன்னும் எரிந்தது. நான் கோமாளியாகி உழைத்த சிரிப்பை, நான் குனிந்திருந்த நேரத்தில், அவன் பார்த்தான். அவனும் கண்ணாடிக்குள் இடம் வலம் மாறித்தான் பார்த்திருப்பான் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

சுற்றிவிட்டுப் பார்த்தபோது அவள் சட்டிப் பக்கம் திரும்பியிருந்தாள். கழுவி வந்த பிலிமில் நடை விளக்கும் கால்வாசி நெற்றியும் விழுந்திருந்தன.

அவனுடைய படம் எங்கள் வீட்டு ஹோலில் தொங்குகிறது. அவள்தான் கொழுவினாள். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்றுவிடுகிறார்கள்.

“ஆர் எடுத்தது? கண்ணே சிரிக்குது!”

“இவற்ற சிநேகிதர் எடுத்தவர்,” என்கிறாள்.

நான் தேத்தண்ணியை நீட்டியபடி சொல்கிறேன்: “உந்த லென்ஸ் என்னட்டையும் இருக்கு.”