ஆமாம், நான் ஈஸி மோடில்தான் ஆடுகிறேன்

சற்றுமுன் மும்பை சுனாபட்டி ஸ்டேஷனில் ரயிலேறி உட்கார்ந்து போனில் கேமைத் திறந்தேன். பக்கத்தில் என் மச்சான் ரியாஸ். திரையை எட்டிப் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான்.

“ஏல, ஈஸி மோட்லயா வெளையாடுத? தோத்துத் தோத்து ஜெயிச்சாதாம்ல மஜா.”

“காலைலேருந்து ஒர்க்‌ஷாப்புல அந்தத் தையல் மெஷின்ட்ட தோத்துட்டுதான் வாரேன். போன்லயும் தோக்கணுமால?”

“அதுக்கு வெளையாடாமயே இருக்கலாம்.”

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. தாராவியில் எங்கள் சந்தில் ஓடிப்பிடித்து ஆடும்போது இவன்தான் கச்சா லிம்பு. ஊர்ப்பக்கம் ஒப்புக்குச் சப்பாணி என்பார்களே, அதுதான். எத்தனை முறை பிடிபட்டாலும் அவுட் கிடையாது. இவனால் ஆட்டம் கெட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை.

அதைச் சொல்லிக் காட்டினேன்.

“அப்போ நான் சின்னப் பையன்லா.”

“இப்போ நான் அலுத்துப்போயி வார ஆளுல்லா.”

ஈஸி மோடைக் கண்டுபிடித்தது கேம் கம்பெனிக்காரன் இல்லை, சந்துப் பிள்ளைகள். கஷ்டப்படுத்தினால்தான் நல்ல கேம் என்பவர்கள் கமெண்டில் தாராளமாகச் சண்டைக்கு வாருங்கள். ஆனால் உங்கள் தெருவில் எத்தனை வயது வரை நீங்கள் கச்சா லிம்புவாக இருந்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.