டவர் பாலத்து நீராவி அறையில் ஒரு மெக்கானிக்கல் பட்டதாரி

காலை 7.10. நியூவார்க்கில் கிளம்பிய விமானம் ஹீத்ரோவில் இறங்கியது. சென்னை விமானம் மாலை ஐந்துக்கு. இடையில் லண்டனில் எதைப் பார்ப்பது என்பதை என் மகள் மிருதுளாதான் முடிவு செய்திருந்தாள்: டவர் பாலத்தை அந்தக் காலத்தில் தூக்கிய நீராவி இயந்திரங்கள். எங்கள் ஊரான பிஸ்கட்டவேயில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கல்லூரியில் மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று மூன்று மாதமாக அடம். "நானே மெக்கானிக்கல் படிச்சுட்டு ஐடிக்குத்தான் வந்தேன். பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸ் போடு" என்று நானும் மூன்று மாதமாகப் பாடிக்கொண்டிருந்தேன். தெருவில் எல்லோரிடமும் சி.எஸ். என்றே சொல்லியும் வைத்துவிட்டேன்.

9.40. ஹாமர்ஸ்மித்தில் ரயில் மாறி, டவர் ஹில்லில் இறங்கி, குளிரில் நடந்தே தேம்ஸைக் கடந்தோம். நடைபாதையில் போட்டிருந்த நீலக் கோடு, தென்கரையில் இயந்திர அறை வாசலில் கொண்டுபோய் விட்டது.

உள்ளே பளபளவென்று துடைத்து வைத்த இயந்திரங்கள், பெரிய சக்கரங்கள். "ஆர் யூ அன் எஞ்சினியர்?" என்று வழிகாட்டி அம்மாள் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "மெக்கானிக்கல்" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் நின்ற ஓர் உருளையை மகளுக்குக் காட்டினேன். "இதுதான் பாய்லர். இதுலதான் கரியைப் போட்டு எரிப்பாங்க."

"அப்பா, திஸ் இஸ் தி அக்யுமுலேட்டர்" என்றாள் மெதுவாக. பெயர்ப் பலகை என் மூக்குக்கு நேரே இருந்தது. வழிகாட்டி அம்மாள் கூரையைப் பார்த்தார். மகள் அவரிடம் சிரித்துக்கொண்டே, "ஹி இஸ் இன் சாஃப்ட்வேர்" என்றாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அது அங்கேயே போய்விட்டது.

11.30. வெளியே வந்து டீ குடித்தோம்.

"அப்பா, டிட் யூ எவர் சீ எ ஸ்டீம் எஞ்சின் இன் காலேஜ்?"

"இல்லம்மா. எக்ஸாம்ல படம் வரைஞ்சேன். ஃபுல் மார்க்."

நான்கு வருடம் நெட்டுருப் போட்டுத் தேறிய படிப்பைக் காட்டித்தான் இவளை மிரட்டியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"உனக்குப் பிடிச்சதையே போடும்மா. மெக்கானிக்கலே போடு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஐ ஆல்ரெடி டிட், அப்பா. லாஸ்ட் வீக்கே சப்மிட் பண்ணிட்டேன். ஐ வாஸ் ஸ்கேர்ட் டு டெல் யூ. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

கோபம் வரவில்லை. பெற்ற பெண் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல லண்டன் வரை வரவேண்டியிருந்ததே என்று கூசிப்போனேன்.

ஹீத்ரோவுக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "அந்த அக்யுமுலேட்டர் என்னதான் பண்ணும், சொல்லு" என்றேன். நீராவி தண்ணீரைத் தள்ளும், தண்ணீர் பாரத்தைத் தூக்கி நிறுத்தும், பாலம் திறக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பாரம் கீழே அழுத்தும் என்று வழிநெடுக ஆங்கிலத்தில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு வந்தேன்.