அப்பாவின் கல்லில் என்ன வேலை போடுவது

மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டிய மாதா கோயிலுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. அறுபதுகளின் கடைசியிலிருந்து எழுபதுகள் முடியும்வரை அங்கே வைத்த கற்களில் பாதிக்கு மேல் என் கையால் வெட்டியவை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தமிழைக் கூட்டிப் படிப்பேன், ஆங்கிலம் சுத்தமாக வராது. ஆனால் எந்தப் பாஷையானாலும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அதை அப்படியே கல்லில் இறக்கிவிடுவேன். நந்தனத்தில் கல்லூரி வாத்தியாராக இருந்த ஒருவர், தன் மாமனாருக்கு நான் வெட்டிய ஆங்கில எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன். அவர் நம்பவில்லை. பின்னாளில் தியாகராய நகர் நகைக்கடைகளுக்கு மார்பிள் தரை போட்டதும், அடையாற்றில் சொந்த வீடு கட்டியதும் எல்லாம் இந்த எழுத்திலிருந்து வந்ததுதான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். பெயருக்குக் கீழே செத்தவர் பார்த்த வேலையை வெட்ட வேண்டும். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. ட்ராம் டிரைவர், ஹார்பர் கிளார்க், அச்சாபீஸ் கம்பாசிட்டர், பேண்டு மாஸ்டர், அடையாறு பங்களாவில் முப்பது வருடம் பட்லர். பிறந்த தேதி தெரியாதவர்களுக்குக்கூட வேலை இருந்தது. ஆயா, நர்ஸ், டீச்சர் தவிர மற்றப் பெண்களுக்குப் புருஷன் வேலைதான். 'ரிட்டயர்டு' என்ற சொல்லுக்கு நல்ல கிராக்கி. குடித்துவிட்டு டூட்டிக்குப் போய் வேலையை இழந்த ஒரு ஹெட் கான்ஸ்டபிளுக்கு, அவர் பெண்டாட்டி 'ரிட்டயர்டு' போடச் சொன்னாள். போட்டேன். எனக்கென்ன, எழுத்து நேராக நின்றால் சரி.

இத்தனை பேருக்கும் குழி வெட்டியவர் என் அப்பா. நாற்பது வருடம் அந்தத் தோட்டத்தில் மம்பட்டி பிடித்தவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கல்லில் என்ன வேலை இருக்கிறது என்று யாராவது படித்துச் சொல்லக் கேட்டு மனதில் வைத்திருந்தார். யாரையும் பெயர் சொல்லி அவருக்குத் தெரியாது. "ட்ராம் டிரைவருக்குத் தெற்கால ஒரு ஆள் படுக்கலாம்" என்பார். "பட்லர் வரிசை ரொம்பிப் போச்சு" என்பார். கோயில் சாமியாரே இடம் தெரியாமல் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்.

எழுபதுகளின் ஆரம்பத்தில், ஒரு ஆடி மாதம், அப்பா படுத்துக்கொண்டார். நான் கடையை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "எனக்குப் பெரிய கல்லு வோணாம். ஆனா வேலையப் போட்டுடு. எல்லாத்துக்கும் போட்ட இல்ல?"

சரி என்றேன். மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன். உடம்பைக் கழுவும்போது அவர் தோளைப் பார்த்து, இரண்டரை அடி அகலக் கல் போதும் என்று மனம் கணக்குப் போட்டது. அவ்வளவுதான்.

குழி வெட்டுகிறவனுக்கு அவன் தோட்டத்து ஆட்கள் குழி வெட்டமாட்டார்கள். வேறு பங்குக் கோயிலின் குழிவெட்டி வருவார். கூலி வாங்கமாட்டார். அவருடைய மம்பட்டிக்குப் புதுக் காம்பு போட்டுக் கொடுக்க வேண்டும், அதுதான் மரியாதை. அப்பாவுக்கு வந்தவர் கீழ்ப்பாக்கத்துப் பக்கத்துக் கிழவர். அப்பாவும் அவரும் முப்பது வருடச் சிநேகிதர்கள். காலையில் வந்து, ஆறடி வெட்டிவிட்டு, புதுக் காம்பை முகர்ந்து பார்த்து, "வேப்ப மரமா? நல்லாக்கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் தங்கைக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஒன்றில் ரவிக்கை தைக்கிற பிரிவில் இருந்தாள். அம்மா முன்பே போய்விட்டதால் அவள் கல்யாணம் என் பொறுப்பு. அதற்கு முன் இரண்டு இடம் நிச்சயம்வரை வந்து நின்றுபோயிருந்தது. இரண்டு பேரும் அப்பா வேலை தெரிந்ததும், பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள். புரட்டாசியில் மூன்றாவதாக ஒரு இடம் வந்தது. பையன் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை. நல்ல பையன், தங்கைக்கும் பிடித்திருந்தது. பையனின் அப்பா என்னிடம், "உங்க அப்பா இன்னா பண்ணிக்கினு இருந்தாரு தம்பி?" என்று கேட்டார்.

"கோயில்ல மேஸ்திரி," என்றேன். வாயில் தானாக வந்தது.

ஒருமுறை சொல்லிவிட்டால் கல்லிலும் அதுதானே வர வேண்டும்? நவம்பரில் கல்லறைத் திருநாள் வருகிறது. அன்றைக்கு ஊரே தோட்டத்துக்கு வரும். சம்பந்தி வீட்டாரும் வந்து அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். கல்லைப் படிப்பார்கள். ஆகவே பல்லாவரத்துக் கருங்கல்லில், சிலுவைக்குக் கீழே, பெயருக்குக் கீழே, 'ஆலய மேஸ்திரி' என்று வெட்டினேன். அழகாகத்தான் வெட்டினேன். குழியின்மேல் படுக்கவைத்துச் சிமெண்டு போட்டு இறுக்கியதைத் தங்கை வந்து பார்த்தாள். எழுத்துக்குக் கறுப்புப் பெயிண்டு பூசும்போது 'மேஸ்திரி'யை மட்டும் விட்டுவிட்டாள். அதை நானே பூசினேன்.

கல்லறைத் திருநாள் அன்று வெயில் சாய்ந்த நேரம். செவ்வந்தியும் மெழுகும் கலந்த வாசனை. பையனின் அப்பாவும் அம்மாவும் கல்லுக்கு முன்னால் முட்டி போட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கீழ்ப்பாக்கத்துக் கிழவர் ஒரு முழம் பூவோடு வந்தார்.

"இன்னா நைனா, கல்லு ஷோக்கா கீது. இன்னா எழுதிக்கீற? படி, கேப்போம்."

பெயரைப் படித்துவிட்டு நிறுத்தினேன்.

"கீழ இன்னாவோ கீதே?"

"ஆலய மேஸ்திரி மாமா."

"யாரு?"

"அப்பாதான்."

கிழவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அடப் படுபாவி! முப்பது வருசம் என்ன மாதிரி மம்பட்டி புடிச்சவன், மேஸ்திரி ஆனத ஒரு வார்த்த சொல்லலியே! எத்தினி ஆளுக்கு மேஸ்திரி? இங்க படுத்துக்கீறவங்களுக்கா?"

பையனின் அம்மா ஜெபத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "மம்பட்டியா? உங்க அப்பாவுக்கு இன்னா வேலைங்க?"

நான் மெழுகுவத்தியைப் பார்த்தேன். சுடர் காற்றில் படுத்து எழுந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிகிறது.

தங்கைதான் சொன்னாள். "குழி வெட்டினாருங்க. இங்கதான், நாப்பது வருசம்."

அந்த அம்மா எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டி, வாசலைப் பார்த்து நடந்தார். பையனின் அப்பா ஜெபத்தை முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டுதான் எழுந்தார். கிழவர், "நான் இன்னாத்தயாவது தப்பா பேசிட்டனா?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை மாமா என்றேன்.

எல்லோரும் போன பிறகு தங்கை சொன்னாள்: "மொதல்ல ரெண்டு பேரு அப்பா வேலையால போனாங்க. இவங்க உன் வேலையால போறாங்க அண்ணா."

இதற்காவது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கை கால் எல்லாம் இன்னொருத்தருடையது மாதிரி இருந்தது. மறுநாள் கடைக்குப் போய், ஒரு தந்தி ஆபீஸ்காரர் கல்லை முடித்தேன். அதற்கடுத்த நாள் ஒரு ஆயாவின் கல்.

ஒரு வாரம் கழித்துப் பையனின் அப்பா தனியாகக் கடைக்கு வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரம்மா இன்னும் மொகம் குடுத்துப் பேசல. அது என் பாடு, நான் பாத்துக்கறேன். பையன் ஒத்தக் கால்ல நிக்கறான்," என்றார். பிறகு, "குழி வெட்டறது இன்னா தம்பி, கொலையா? எங்கம்மாவுக்கும் எவனோ வெட்டித்தான் போட்டாங்க. அந்த ஆளு மொகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நீ கல்லுல பொய்ய வெட்டி, அதுக்கு முன்னால எங்கள முட்டி போட வெச்சியே. அதான் எனக்கு ஆகல."

"தப்புதான் மாமா."

"மாத்து. மாத்திட்டு ஆள் அனுப்பு. அப்புறம் சாமியாரப் பாத்து ஓலை குடுப்போம். மாத்தலன்னா வோணாம், விட்டுடு."

ஓலை என்றால், இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிப்பது. அதை வாசிக்காமல் கல்யாணம் இல்லை. தங்கையின் கல்யாணம் இப்போது அந்த ஒரு கல்லில் நின்றது.

வெட்டிய எழுத்தை மாற்றுவதற்குச் சுலப வழி ஒன்று உண்டு. கல்பொடியும் சிமெண்டும் கலந்து அந்த வரியை மட்டும் அடைத்து, மேலே புதிதாக வெட்டுவது. தூரத்திலிருந்து தெரியாது. மற்றவர்களுக்குச் செய்திருக்கிறேன். அப்பா கல்லுக்கு அதைச் செய்யக் கை போகவில்லை. கல்லின் முகம் முழுவதையும் உளியால் பொளிந்து இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். சிலுவை, பெயர், தேதி எல்லாம் போய், அரை அங்குலம் கீழே புதுக் கல் வர வேண்டும். இறுக்கிய கல்லைப் பெயர்த்தால் உடைந்துவிடும். ஆகவே அங்கேயே, அப்பாவின்மேல் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.

மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் தோட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு எழுத்துகூடத் தப்பாக வெட்டாதவன் என்று நானே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன் அல்லவா?

"இன்னாபா, உனக்கே தப்பு வந்துட்சா?"

"ஆமா."

"சொந்த அப்பனுக்கா?"

"ஆமா, எங்கப்பனுக்குத்தான்."

இரண்டாம் நாள் கீழ்ப்பாக்கத்துக் கிழவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு டப்பாவில் தண்ணீர் மொண்டுவந்து, உளி விழுகிற இடத்தில் தெளித்துத் தூசியை அடக்கிக்கொண்டே இருந்தார். "ஒங்கப்பன் சிரிப்பான்டா," என்று ஒருமுறை சொன்னார். உளி போய்க்கொண்டிருந்தது. 'மேஸ்திரி' முதலில் மங்கி, பிறகு வெறும் கீறலாகி, பிறகு இல்லாமல் போயிற்று. அதற்கடுத்து அப்பாவின் பெயரும் அப்படியே போனது. அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் நாள் புதிதாக வெட்டினேன். சிலுவை, பெயர், தேதி. அதற்குக் கீழே, 'இந்தத் தோட்டத்தில் நாற்பது வருடம் குழி வெட்டியவர்.' எத்தனையோ வேலைகளை வெட்டிய கைக்கு அது புது வார்த்தை. கிழவர் படிக்கச் சொன்னார். படித்தேன். "இப்ப தெரியுது யாருன்னு," என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் பையனின் அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து, கல்லைப் பார்த்து, தங்கையை மட்டும் கூப்பிட்டு ஏதோ பேசினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது என்பதால் தை மாதம் வைத்தோம். பாண்டி பஜார் கடைப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பையனின் அம்மாவும் வந்தார், பந்தியில் உட்கார்ந்தார், இலையைத் தொடாமல் எழுந்தார். தங்கை அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் பாயசம் ஊற்றினாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கல்லை நான் சரிமட்டமாகப் பொளியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே வெட்டியதில் கால்பக்கம் கொஞ்சம் குழிந்துபோயிற்று. மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும். என் ஆயுசில் நான் செய்த மோசமான கல் அதுதான். அதற்கப்புறம் எத்தனையோ மாடி வீட்டுத் தரைகளைக் குண்டுமணி உருளாமல் மட்டம் பார்த்துப் போட்டிருக்கிறேன். ஒரு நாள் போய் இதையும் சரி செய்துவிடலாம் என்று நினைப்பேன், போகமாட்டேன். மழைக்காலத்தில் தங்கை ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்தத் தண்ணீரைக் கையால் வழித்துவிட்டுப் போவாள்.