வெளி வளையத்தில் ஒன்றுமில்லை

தஞ்சாவூரில் நான் ஆய்வு மாணவி. நெற்பயிரின் இலையைக் கருக்கும் கிருமியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து, படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே பாய்ச்சி அதன் வடிவத்தை அறிவதுதான் எங்கள் வேலை. எக்ஸ்ரே பட்டதும் படிகம் ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட படங்களைத் தரும். நடுவில் புள்ளிகள் பளிச்சென்றிருக்கும். விளிம்புக்குப் போகப் போக மங்கும். எதுவரை நம்பலாம் என்பதைக் கணினி தரும் எண்களை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

என் சீனியர் விளிம்புவரை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுரையை எழுதி முடித்திருந்தார். சரிபார்க்கும் வேலையைப் பேராசிரியை எனக்குக் கொடுத்தார். அளவீடுகளைக் குலுக்கி இரண்டு பாதியாகப் பிரித்து ஒப்பிட்டேன். நடுப்பகுதியில் இரண்டும் ஒத்துப்போயின. விளிம்பையொட்டிய வெளி வளையத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. பிறகு ஏன் கட்டுரையில் பிழை விகிதம் அவ்வளவு அழகாகக் குறைந்திருந்தது? முரண்பட்ட புள்ளிகளைச் சீனியரே பொறுக்கி நீக்கியிருந்தார்.

"அண்ணா, வெளி வளையத்த வெட்டிடலாம். அதுல ஒண்ணுமே இல்ல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல. மேடம்கிட்ட சொல்லித்தானே ஆகணும்?"

அவர் அடித்த அடி என் இடக் காதில் விழுந்தது. தலைமுடியைப் பற்றி என் முகத்தை மேசை விளிம்பில் மோதினார். புருவம் பிளந்து கீபோர்டில் ரத்தம் கொட்டியது. மறுபடி இழுத்தபோது, கைக்கு எட்டிய ஸ்டூலைத் தூக்கி அவர் முழங்காலில் இறக்கினேன். அலறி விழுந்தார். இன்னொரு முறை ஓங்கினேன். ஓடிவந்த பேராசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது, "வெளியில தெரிய வேணாம்மா, டிபார்ட்மெண்ட் பேரு கெட்டுடும்" என்றார் பேராசிரியை.

ஒரத்தநாட்டுப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அப்பா நடவு வயல் சேற்றோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"கணக்கு தப்புன்னு சொன்னதுக்கா அடிச்சான்?"

பின்னால் என் கூடப்பிறந்த அண்ணன் வந்தான். கையிலிருந்த சாக்குக்குள் அரிவாள். அப்பா அவன் மணிக்கட்டை முறுக்கிப் பிடுங்கினார்.

"அவன வெட்டிட்டு நீ உள்ள போயிட்டா, இவகூட ஸ்டேஷனுக்கு யாருடா போறது?"

மூவரும் போனோம். புகார் கொடுத்தேன். சீனியரை ஆய்விலிருந்து நீக்கினார்கள். வெளி வளையத்தை வெட்டி, நீக்கிய புள்ளிகளைத் திரும்பச் சேர்த்து முதலிலிருந்து கணக்கிட்டேன். நுணுக்கம் குறைந்தது, புரதத்தின் வடிவம் மாறாமல் நின்றது.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாட்களில் கோர்ட்டு வராந்தாவில் அவர் என்னைத் தாண்டிப் போவார். ஒவ்வொரு முறையும் என் விரல்கள் தாமாக முஷ்டியாக இறுகுகின்றன.