ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிய காலை

என் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஏற்கெனவே கல்லீரலுக்குப் போயிருந்தது. செஞ்சி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். பித்தளைக் குடத்தை விரலால் சுண்டியே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். புதுச்சேரி மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. இனி வலியைக் குறைக்கலாம், நோயைக் குறைக்க முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். வாரம் ஒருமுறை ஒரு நர்ஸம்மா வந்து வலி மாத்திரைகளைக் கொடுத்து, எப்போது எவ்வளவு என்று எழுதி வைத்துவிட்டுப் போவார். அவற்றை நான் பீரோவில் பூட்டி வைத்தேன்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். திறந்தால் செஞ்சிக் கோட்டைக் குரங்குகள் உள்ளே வந்துவிடும். கையில் கம்போடு உட்கார்ந்துகொண்டேன். கோட்டை இருக்கும் ராஜகிரி மலையையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"பீரோல இருக்கிறத எல்லாத்தையும் ஒண்ணாக் கரைச்சுக் குடுத்துடு. போதும்."

கெஞ்சவில்லை. குடோனிலிருந்து சரக்கு எடுத்துவரச் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

"அத நான் செய்ய மாட்டேன். வேற இன்னா வேணும்னாலும் கேளுங்க, செய்யறேன்."

சாயங்காலம் வரை முகம் கொடுக்கவில்லை. கஞ்சியைத் தள்ளிவிட்டார். விளக்கு வைத்த பிறகு அவரே கூப்பிட்டார். அவருடைய அப்பா பதினோரு நாள் வாயில் குழாயோடு கிடந்து, ஏதோ சொல்ல முயன்று, சொல்லாமலே போனதை அருகிலிருந்து பார்த்தவர் அவர்.

"மெஷின் வேணாம். தொண்டையில குழாய் வேணாம். இந்தக் கட்டில்லயே போயிடறேன். வலிய மட்டும் பாத்துக்க."

அதற்குச் சரி என்றேன். அப்படி எழுதி வைக்கச் சட்டத்தில் இடமுண்டு என்று நர்ஸம்மா சொன்னார். அவர் சொன்னதை எழுதி, நோட்டரியை வீட்டுக்கே வரவழைத்து, அவர் கையெழுத்தை வாங்கினோம். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவருக்கு மூச்சு இழுத்தது. நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். தலையை உயர்த்தி வைத்து, எழுதியிருக்கும் மருந்தைக் கொடுங்கள், வந்துகொண்டே இருக்கிறேன் என்றார். அவர் வருவதற்குள், சேதி கேள்விப்பட்டு அவலூர்பேட்டையிலிருந்து என் கொழுந்தனார் ஆம்புலன்ஸோடு வந்துவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. அண்ணன் தூக்கி வளர்த்த தம்பி.

அந்தக் காகிதத்தை அவர் கையில் வைத்தேன். அவர் பார்க்கவேயில்லை.

"அண்ணன சாவடிக்கப் பாக்குறீங்களா அண்ணி?"

தெருவுக்கே கேட்டது. வாசலை மறித்து நின்றேன்.

"சாவடிக்கறதுன்னா அவரு கேட்ட அன்னிக்கே செஞ்சிருப்பேன். முடியாதுன்னுட்டேன். இப்ப வர்றத நான் கூட்டியாரல. அது உங்க அண்ணன் கையெழுத்து. படிச்சிட்டு உள்ள வாங்க."

படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு வண்டிக்காரரிடம் கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டு, உள்ளே போய் அண்ணன் காலடியில் உட்கார்ந்தார். நர்ஸம்மா வந்து மருந்தைச் சற்றுக் கூட்டினார். மூச்சு மெல்ல அடங்கிச் சீரானது. சாயங்காலம் கண்ணைத் திறந்த என் கணவர் தம்பியைப் பார்த்து, "சாப்டியா?" என்றார். மறுநாள் பதினொரு மணி வாக்கில், கொழுந்தனார் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோதே உயிர் போனது.

காரியம் முழுவதையும் கொழுந்தனார்தான் எடுத்துச் செய்தார். ஆனால் தை மாதம் வரை என்னோடு பேசவில்லை. பஜாரிலும் பின்னால் பேசினார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. இப்போது கடையை நான்தான் பார்க்கிறேன். அந்தக் காகிதத்தை எப்படி எழுதுவது என்று கேட்டு ஓரிருவர் வருகிறார்கள். உட்கார வைத்துச் சொல்லி அனுப்புகிறேன்.

அந்த ஆடி மாத மத்தியானம் என் கணவர் கேட்டதை மறுத்தது சரியா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. அதற்குப் பிறகு அவர் பட்ட மூன்று வார வலி அவருக்காகவா, என் மனசாட்சிக்காகவா என்று கேட்டுக்கொள்கிறேன். வாசலில் நின்றதைப் பற்றி அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை. இன்னொரு முறை நிற்க வேண்டி வந்தாலும் நிற்பேன்.