காலையில் மடங்காத விரல்கள்

சுரங்கத்தில் நான் பர்மனென்ட் சூப்பர்வைசர். கன்வேயர் அடியில் சிந்தும் கரியை அள்ளும் கான்ட்ராக்ட் தொழிலாளி செல்வி, பக்கத்திலுள்ள வடக்குத்து கிராமத்துக்காரர். காலை ஷிஃப்டில் விரல் மடங்கவில்லை, மண்வெட்டி பிடிக்க முடியவில்லை என்பார். பத்து மணிக்கு மேல் எல்லோரையும் போல அள்ளுவார்.

"அது என்னம்மா, நேரம் பார்த்து வர்ற வலி?"

"வேல செஞ்சிகினே இருந்தா வுட்டுடுதுங்க சார்."

இதைவிடப் பச்சைப் பொய் உண்டா? அதை உடைக்கவே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். செல்வி வாய் திறக்குமுன், விரல் கணுக்களை அழுத்திப் பார்த்த டாக்டர், "காலையில விறைச்சுக்கும், வேலை செய்யச் செய்ய இளகிடும், அப்படித்தானே?" என்றார். முன்பே பேசி வைத்திருப்பார்களோ என்று டாக்டரையும் சந்தேகப்பட்டேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அவர் விளக்கினார்: "முடக்குவாதம். உடம்பைக் காக்கிற அணுக்களே சொந்த மூட்டுகளை எதிரின்னு நினைச்சுத் தாக்குது. ஏன்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. தூசும் ஒரு காரணமா இருக்கலாம்ங்கறாங்க."

வெளியே வந்ததும், பாதி மடங்கிய விரல்களால் செல்வி என்னைக் கும்பிட்டார். "எங்க வூட்லயே நடிக்கிறன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் நம்பினீங்க."

அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன். உண்மையை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.