கடலைப் பார்த்து ஒரு ஜன்னல்

நான் பிறந்த வீட்டில் ஜன்னல் கிடையாது. மதுராந்தகம் ஏரிக்குக் கீழே, அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. குனிந்து நுழைகிற குடிசை. வெளிச்சம் வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். பிறகு படித்து, நர்சுப் பயிற்சி முடித்து, கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துத் துணைச் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். எழுபதுகளின் நடுவில் நானும் கணவரும் அங்கேயே மனை வாங்கி வீடு கட்டத் தீர்மானித்தபோது, எனக்கு இருந்த பெரிய ஆசை ஒன்றுதான். ஒரு ஜன்னல் வேண்டும். அதிலிருந்து கடல் தெரிய வேண்டும்.

கணவருக்கு ஆசைகள் நிறைய. அவர் செங்கல்பட்டு பஸ்ஸில் கண்டக்டர். படியில் நின்றபடியே வழியிலுள்ள புது வீடுகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வருவார். திங்கட்கிழமை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு சிமெண்டு சிங்கம் வேண்டும் என்பார். புதன்கிழமைக்குள் சிங்கம் போய்த் தாமரை வந்திருக்கும். வெள்ளிக்கிழமை போர்ட்டிகோ. நம்மிடம் இருப்பது ஒரு சைக்கிள்தானே என்று கேட்டேன். அதுவும் நனையத்தானே செய்கிறது என்றார்.

தரைக்கு மொசைக் போட வேண்டும் என்பது அவருடைய கனவு. செங்கல்பட்டுக் கடை ஒன்றிலிருந்து உள்ளங்கை அகல மாதிரித் துண்டுகள் எட்டு வாங்கி, டிக்கெட் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பச்சையில் வெள்ளைப் புள்ளி, வெள்ளையில் கறுப்புப் புள்ளி, பீட்ரூட் பொரியல் மாதிரி ஒன்று. இரண்டு வாரம் அவற்றைத் தரையில் பரப்பி மிதித்துப் பார்த்தோம். அந்த அளவுத் துண்டில் ஒற்றைக் காலில்தான் நிற்க முடியும். அப்படி நின்றுகொண்டே பச்சைதான் காலுக்குக் குளிர்ச்சி என்று அவர் முடிவு சொன்னார். கூடத்துக்குப் பச்சை மொசைக், மற்ற இடங்களுக்குச் சிவப்புச் சிமெண்டுத் தரை என்று ஒத்துக்கொண்டேன். பதிலுக்கு, அடுப்படியில் நின்று சமைக்க மேடை கேட்டு வாங்கினேன். "நின்னுகினு ஆக்கறதுக்கு இது இன்னா ஓட்டலா?" என்று நாத்தனார் கேட்டாள்.

கொல்லைப்புறத்தில் கக்கூஸ் வேண்டும் என்பதில் மட்டும் விவாதமே இல்லை. வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டச் சொல்லிப் பிரசாரம் செய்வது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. நான்கு வருஷமாகப் படம் காட்டி, கொக்கிப்புழுவைப் பற்றிப் பேசிவந்தேன். குப்பத்தில் ஒருவரும் கட்டவில்லை. ஆனாலும் மாதாந்திர அறிக்கையில், மக்களிடையே ஆர்வம் காணப்படுகிறது என்று தவறாமல் எழுதி அனுப்பினேன்.

வீட்டைக் கட்டிய மேஸ்திரி குப்பத்துக்காரர்தான். ஐம்பது வயதிருக்கும். எந்த வேலையைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர், ஜன்னல் பேச்சு வந்ததும் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

"கடலுப் பக்கம் வோணாம் நர்சம்மா. உப்புக் காத்து, கம்பியெல்லாம் துரு புடிச்சுக்கும்."

பெயிண்ட் அடித்துக்கொள்கிறேன் என்றேன். நான்கு நாள் கழித்து, கிழக்குக் காற்று குழந்தைகளுக்கு ஆகாது என்று வந்தார். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. அடுத்த வாரம், ஆலம்பரைக் கோட்டைப் பக்கமிருந்து இருட்டியதும் ஏதோ நடமாடுகிறது, அது ஜன்னலைத்தான் முதலில் பார்க்கும் என்றார். அதுவும் எடுபடாததால், தெற்குப் பக்கம் வைத்தால் சுற்றிலும் பூவேலை சும்மாவே செய்து தருவதாகச் சொன்னார். கணவர் பூவேலைக்கு மயங்கப் பார்த்தார்.

எனக்கு உள்ளுக்குள் கோபம் ஏறியது. இதையே கணவர் கேட்டிருந்தால் இந்த மனிதர் மறுபேச்சுப் பேசியிருப்பாரா? பொம்பளை கேட்கிறாள் என்பதற்காகத்தானே இத்தனை தடங்கல் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு காரணம் சொல்லும்போதும் ஜன்னலை ஓரடி அகலமாக்கினேன். மூன்றடியில் ஆரம்பித்தது ஆறடிக்கு வந்தது. அதோடு மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் மனைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு இருந்தது. தரையில் நின்று பார்த்தால் மேட்டுக்கு மேலே நீலமாக ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். அஸ்திவாரத்துக்கு மேல் இரண்டடி உயர்த்தினால் போதும் என்று மேஸ்திரி சொன்னார். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமே என்று நான் நாலடி கேட்டேன். அவர் கரணையைக் கீழே வைத்துவிட்டு, மணல்மேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு அந்தாண்டை போய்விட்டார்.

சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டிய காலம் அது. பெர்மிட்டுக்காக வேலை இரண்டு மாதம் நின்றது. அந்த இடைவெளியில் கணவர் ஜன்னல் கம்பிக்கு டிசைன் பார்த்தார். செங்கல்பட்டு வெல்டிங் பட்டறையில் ஒரு நோட்டுப்புத்தகம் நிறைய டிசைன் இருந்ததாம். மயில், குத்துவிளக்கு, உதயசூரியன். அவர் சூரியனைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தார். தினமும் நிஜச் சூரியனே அந்த ஜன்னலில் வரப்போகிறது, கம்பியில் எதற்கு இன்னொன்று என்று கேட்டேன். மேகமூட்டமான நாளைக்கு ஆகும் என்றார்.

சூரியன் அவருடைய பஸ்ஸின் கூரையிலேயே வந்தது. செங்கல்பட்டிலிருந்து கடப்பாக்கம் வரை பிரயாணிகள் அதைப் பற்றித்தான் பேசினார்களாம். கதிர் எண்ணிக்கை போதாது என்றார் ஒருவர். மயிலே வைத்திருக்கலாம் என்று மதுராந்தகத்தில் ஏறிய ஒரு அம்மாள் செய்யூர் வரை வருத்தப்பட்டாராம். கடற்கரைப் பக்கத்துக்காரர் ஒருவர் மட்டும், எந்தப் பக்கம் பார்த்து வைக்கப்போகிறாய் என்று விசாரித்தார். கடலைப் பார்த்து என்று கணவர் பெருமையாகச் சொன்னதும், ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இறங்கிவிட்டாராம்.

வீடு முடிந்தது. வெள்ளையடிப்பு முடியும்வரை ஜன்னலைக் கோணியால் மூடி வைத்திருந்தார் மேஸ்திரி. நான் வேலை முடிந்து வருவது மத்தியான நேரம். கோணியை விலக்கிப் பார்த்தால் வெறும் மணல், அதற்கப்பால் கடல், நண்டுகள். மனசு நிறைந்து போகும்.

பால் காய்ச்ச விடியற்காலையில் நேரம் குறித்திருந்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா முதல் நாளே வந்து தங்கியிருந்தார். என் மேலதிகாரி, மாத அறிக்கை போவதும் அவருக்குத்தான். கணவரோடு வேலை செய்கிற கண்டக்டர்கள் நான்கு பேர், நாத்தனார், சொந்தக்காரர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. குப்பத்துப் பெண்கள்கூடச் சிலர் வந்திருந்தார்கள். ஆண்கள் ஒருவரையும் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வருவார்கள் என்று ஒரு பெண் சொன்னாள்.

பால் பொங்கியது. கிழக்கு வெளுத்தது. நான் டாக்டரம்மாவின் கையைப் பிடித்து ஜன்னலண்டை கூட்டிக்கொண்டு போய், சூரிய உதயத்தைப் பாருங்கள் என்று சொல்லி, இரண்டு கதவையும் விரியத் திறந்தேன்.

சூரியன் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால், மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், அளந்து வைத்ததுபோலச் சம இடைவெளியில், குப்பத்து ஆண்கள் முப்பது பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். சிலர் பீடி பிடித்தார்கள். சிலர் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். தரையில் நின்றால் மேடு மறைக்கும். நாலடி உயரத்தில், ஆறடி அகலத்தில், ஒன்றும் மறைக்கவில்லை.

ஜன்னல் திறந்த சத்தத்துக்கு எல்லாத் தலைகளும் திரும்பின. நடுவில் இருந்தவர் நாட்டார், அதாவது குப்பத்தின் தலைவர். மரியாதை தெரிந்த மனிதர். என்னைப் பார்த்த பழக்கத்தில் கையைக் கூப்பி எழுந்திருக்கப் போனவர், பாதியில் நிலைமை உணர்ந்து திரும்ப உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டு ஆள் தள்ளி மேஸ்திரி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். பிறகு, "ஆர்வம் நல்லாத் தெரியுது," என்றார்.

கணவர் ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினார். கண்டக்டர்கள் நால்வரும் பச்சைத் தரையை உற்றுப் பார்த்துப் பாராட்ட ஆரம்பித்தார்கள்.

நான்காம் நாள் சாயங்காலம் நாட்டாரும் மேஸ்திரியும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். காபி கொடுத்தேன். நாட்டார் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

"கடலு நல்லாத் தெரியுதா நர்சம்மா?"

"நல்லாத் தெரியுது."

"ரொம்பத் தெரியுதோ?"

"காலையில ரொம்பத் தெரியுது."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க அப்பன் பாட்டன் காலத்துலேந்து அந்த மேட்டுக்கு அந்தாண்டதான். எவனும் பாத்தது இல்ல. இப்ப மூணு நாளா ஆம்பளைங்கல்லாம் பேஜாராயி சுத்திகினு கீறாங்க. ஒருத்தனுக்கும் ஒழுங்கா போவல."

அந்த மூன்று நாளில் ஐந்து பேர் வயிறு மந்தம் என்று மருந்து கேட்டு வந்திருந்தார்கள். காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேஸ்திரி, தான் அப்போதே சொன்னதாக முணுமுணுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உப்புன்னு சொன்னீங்க, பேய்னு சொன்னீங்க. இத்த சொல்லலியே?"

"பொம்பளகிட்ட இத்த எப்டி சொல்றது நர்சம்மா?"

"உங்க பொண்ணு ரெண்டு பேருக்கும் பிரசவம் பாத்தவ நான்."

"அது பொம்பள சமாச்சாரம். இது ஆம்பள சமாச்சாரம்," என்றார்.

ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால் தேவலை, வேலையைத் தாங்களே இலவசமாகச் செய்து தருகிறோம் என்றார்கள். கணவர் என் முகத்தைப் பார்த்தார். அடைக்க மாட்டேன் என்றேன். சுகாதார நிலையத்தின் பின்னால் அரசாங்கம் கொடுத்த கான்கிரீட் கக்கூஸ் கோப்பைகள் சும்மாக் கிடக்கின்றன, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போய் வீட்டில் பதித்துக்கொள்ளலாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குள்ளேயா என்று நால்வரும் முகத்தைச் சுளித்தார்கள். கடைசியில், காலை ஏழு மணி வரைக்கும் ஜன்னலைத் திறப்பதில்லை என்று ஒப்பந்தமானது. சூரிய உதயத்துக்காகக் கட்டிய ஜன்னலில் நான் அதற்கப்புறம் உதயத்தைப் பார்த்ததே இல்லை. கதவைத் திறக்கும்போது சூரியன் ஒரு பனை உயரம் ஏறியிருக்கும். கம்பிச் சூரியன் நன்றாக இருக்கிறது என்று கணவர் மட்டும் ஆறுதல் சொல்வார்.

இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, நாட்டாரின் மனைவி இரண்டு பெண்களோடு சுகாதார நிலையத்துக்கு வந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஒரு ஜன்னலுக்கு ஆம்பளைங்களுக்கு இவ்ளோ வெக்கமா கீதே நர்சம்மா. நாங்க விடியறதுக்கு முன்னாடி பனந்தோப்புக்குப் போவணும். இல்லாங்காட்டி பொழுது சாஞ்சப்புறம். நடுவுல வந்தா அடக்கிகினு கெடக்கணும். எங்களுக்கு எவன் வந்து நாயம் கேட்டான்?"

நான்கு வருஷம் புழுவைப் பற்றிப் பேசினேன். அதுவும் ஆண்களைக் கூட்டி வைத்துத்தான் பேசினேன். இந்தப் பெண்களிடம், உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் அப்படித் தோப்புக்குப் போய் வளர்ந்தவள்தான். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

அன்றைக்கே நாலு கோப்பைகளைக் கழுவி வெளியே எடுத்து வைத்தோம். நாட்டார் முதலில் முரண்டு பிடித்தார். அவர் மனைவி இரண்டு வேளை அடுப்புப் பற்றவைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் வேளை அவரே மேஸ்திரியைக் கூட்டி வந்தார்.

குழி தோண்டுகிற நாளிலிருந்து அந்தம்மாள் மேஸ்திரியைப் படுத்திய பாட்டைப் பார்க்க நான் தினமும் போனேன். எங்கள் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய், அவருக்கு உத்தரவு போட்டாள். தரை சிவப்பாக வேண்டும். இல்லை, நர்சம்மா கூடத்தில் இருக்கிற பச்சை வேண்டும். மிச்சமிருந்த மொசைக்கைக் கணவர் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். விளக்கு வைக்க ஒரு மாடம் வேண்டும். புடவையைப் போட ஒரு கொடி வேண்டும். கதவு தகரம் ஆகாது, காற்றில் படபடக்கும், பலகைதான் வேண்டும். தாழ்ப்பாள் உள்பக்கம் இரண்டு வேண்டும், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்று போதாதா என்று மேஸ்திரி கேட்டதற்கு, போடப்போகிறது நீயா நானா என்று கேட்டாள்.

முதல் நாள் அவள் உள்ளே போனபோது நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் வெளியே நின்றோம். இரண்டு தாழ்ப்பாளும் விழுகிற சத்தம் கேட்டது. அரைமணி நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. நாட்டார் வீட்டுக்குள்ளிருந்து துண்டு எங்கே என்று கேட்டார், சோறு எங்கே என்று கேட்டார். உள்ளேயிருந்து பதிலே இல்லை. எனக்குப் பயம் வந்து கதவைத் தட்டினேன்.

"இன்னா ஆச்சு? உடம்புக்கு எதனா முடியலியா?"

"ஒண்ணுமில்ல நர்சம்மா," என்று நிதானமாகக் குரல் வந்தது. "சும்மாத்தான் குந்திகினு கீறேன். இங்க யாரும் வந்து கூப்புட முடியாதில்ல."